டேவ், கிளா, வைஸ் சிட்டி: மூன்றுக்காகவும் பழைய கணினி வாங்க வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். இரணியல் வீட்டில் 2001-ல் வாங்கிய கணினியில் நீங்களும் அண்ணனும் சேர்ந்து விளையாடிய டேவ், கிளா, வைஸ் சிட்டி ஆகிய மூன்றையும், மஸ்கட்டிலிருந்து அண்ணன் சித்திரையில் விடுமுறைக்கு வருவதற்குள் உங்கள் புதிய விண்டோஸ் 11 மடிக்கணினியில் ஓடவைக்க விரும்புகிறீர்கள். டேவைத் திறந்தால், இந்த நிரல் உங்கள் கணினியில் இயங்காது என்ற செய்தி வருகிறது. கிளா திறக்கிறது, ஆனால் நிறங்கள் கெட்டு, ஆமைபோல் நகர்கிறது. வைஸ் சிட்டி எந்தச் செய்தியும் இல்லாமல் திறக்காமலே நின்றுவிடுகிறது. கடையில் கேட்டபோது, பழைய பென்டியம் 4 கணினி ஒன்றை வாங்கினால் மட்டுமே முடியும் என்றிருக்கிறார்கள். எப்படி ஓடவைப்பது என்று நீங்கள் கேட்டிருந்தாலும், அந்தப் பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்பதே கேள்வியின் உள்ளிருப்பது என்று நினைக்கிறேன். கொடுக்க வேண்டாம். தக்கலையில் 2000-ஆம் ஆண்டிலிருந்து கணினி பொருத்தியும் பழுதுபார்த்தும் வந்தவன் என்ற முறையில், டேவ் ஓடும் என்று உறுதியாகவும், கிளா ஓடுவதற்கே வாய்ப்பு மிகுதி என்றும் சொல்கிறேன். வைஸ் சிட்டி மட்டும் உங்கள் சிடியைப் பொறுத்தது.

ஆனால் ஓடவைக்கும் வேலைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதற்குத்தான் அவசரம். நம் குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டுமே கிடைக்கின்றன. ஆண்டில் பெரும்பகுதி காற்றில் ஈரம் இருக்கிறது. குளச்சல், முட்டம் பக்கமென்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். அலமாரியில் இருபது ஆண்டுகள் கிடந்த சிடிகளின் விளிம்பிலிருந்து பூஞ்சை உள்நோக்கிப் படர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடையில் அச்சாகி வந்த சிடியைவிட, எழுதும் கருவியில் பதித்த சிடி விரைவில் கெடும், ஏனென்றால் அதில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். ஆகவே யூஎஸ்பியில் இணைக்கும் வெளிப்புற டிவிடி டிரைவ் ஒன்றை ஏற்பாடு செய்து, சிடிகளை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்து, உடனே படிமமாக, அதாவது சிடி முழுவதையும் உள்ளபடியே கோப்பாக, நகலெடுத்து வையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள், நேர்கோட்டில் விழும் கீறலைப் படிக்கும் கருவி பெரும்பாலும் திருத்திக்கொள்ளும், தடத்தின் போக்கிலேயே விழும் கீறலைத் திருத்துவது அதற்குக் கடினம். இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். நகலை ஐஎஸ்ஓ வடிவில் எடுப்பதே பலருக்கும் வழக்கம், ஆனால் 1990-களின் விளையாட்டுகள் பலவற்றில் முதல் தடத்தில் நிரலும், அடுத்த தடங்களில் பாட்டுச் சிடியைப் போலவே பின்னணி இசையும் இருக்கும். ஐஎஸ்ஓ கோப்பு அந்த இசைத் தடங்களை ஏற்காது. விளையாட்டு ஓடும், இசை இருக்காது. பின் (BIN), கியூ (CUE) என்ற இரட்டைக் கோப்பு வடிவில் எடுத்தால் எல்லாத் தடங்களும் வந்துவிடும்.

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் இன்னும் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணினிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த பெட்டிகளைத் திறக்கும்போது உள்ளே எறும்புப் புற்றும் பல்லி முட்டைகளும் ஈரம் பிடித்த தூசும் இருப்பது இங்கே சாதாரணம். 2000-ஐ ஒட்டி வந்த மதர்போர்டுகள் பலவற்றில் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடிக்கும் குறையும் இருந்தது. முன்பொருமுறை, வாடிக்கையாளர் அவசரப்பட்டார் என்பதற்காகச் சுத்தம் செய்யாமலே சுவிட்சைப் போட்டேன். மின்வழங்கியில் புகை வந்தது, அதோடு அவருடைய ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று. அவர் கேட்டது மகளின் பழைய படங்கள் சிலவற்றைத்தான். அன்றிலிருந்து டிஸ்க்கைத் தனியே கழற்றாமல் எதையும் தொடுவதில்லை. உங்களுடையது அகன்ற பட்டை வயர் கொண்ட ஐடிஇ வகையாக இருக்கும். அதற்கு ஐடிஇ–யூஎஸ்பி கன்வெர்ட்டர் வேண்டும். மேசைக் கணினியின் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் தேவை என்பதால், தனி மின் அடாப்டருடன் வருவதாகப் பார்த்து வாங்குங்கள். பின்புறமுள்ள ஜம்பர் என்ற சிறு இணைப்புத் துண்டை மாஸ்டர் நிலையில் வைத்து இணைத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால், எக்காரணம் கொண்டும் சம்மதம் தராதீர்கள். வைஸ் சிட்டியில் அண்ணன் சேமித்துவைத்த ஆட்டங்கள் அந்த டிஸ்க்கில் இருக்கக்கூடும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி, ஏன் ஓடவில்லை என்பது. மூன்றும் மூன்று காலத்தைச் சேர்ந்தவை. எந்த விளையாட்டும் தனியாக ஓடுவதில்லை. தன் காலத்து இயக்குதளம் கொடுத்த சில வசதிகளில் சாய்ந்துகொண்டுதான் ஓடுகிறது. அவற்றில் ஒன்றை இடையில் யாரோ எடுத்துவிட்டால் விளையாட்டு விழுகிறது. எது எடுக்கப்பட்டது என்று கண்டுபிடித்து அதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும், பழைய கணினி முழுவதையும் கொண்டுவர வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் நான் கற்ற முக்கியமான பாடம் இதுதான்.

டேவ் என்று நாமெல்லாம் அழைக்கும் டேஞ்சரஸ் டேவ், ஜான் ரொமேரோ எழுதியது. விண்டோஸுக்கு முந்தைய இயக்குதளமான டாஸுக்கான பதிப்பு 1990-ல் வந்தது. அது 16 பிட் நிரல். விண்டோஸின் 32 பிட் பதிப்புகள் அத்தகைய நிரல்களை ஓட்டுவதற்கென்று உள்ளே ஒரு பாவனை டாஸ் அறையை வைத்திருந்தன. அந்த அறை, கணினியின் செயலியில் (பிராசஸர்) இருந்த மெய்நிகர் 8086 என்ற நிலையை நம்பியது. செயலி 64 பிட் நிலையில் ஓடும்போது அந்த நிலை கிடைப்பதில்லை. ஆகையால் 64 பிட் விண்டோஸ் எதிலும் அந்த அறை இல்லை. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. உங்களுக்கு வந்த செய்தியின் பொருள் இவ்வளவுதான், கோப்பில் குறையில்லை. இங்கே கோப்பின் பண்புகளில் வரும் கம்பாட்டிபிலிட்டி பகுதியில் விண்டோஸ் 95 என்று மாற்றிப் பார்ப்பதால் எந்தப் பயனும் இல்லை. அந்த அமைப்பு விண்டோஸின் பழைய பதிப்பைக் கொண்டுவருவதில்லை; பதிப்பு எண்ணைக் குறைத்துச் சொல்லி, சில பழக்கங்களைப் பழையபடி நடிக்கிறது, அவ்வளவே.

இதற்கு மருந்து டாஸ்பாக்ஸ். 2002-லிருந்து இருக்கும் இலவச மென்பொருள் அது. பழைய செயலி, ஒலி அட்டை, திரை அட்டை எல்லாவற்றையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டுகிறது. நிறுவிய பிறகு டேவின் இயக்கக் கோப்பை எலியால் இழுத்து டாஸ்பாக்ஸ் சின்னத்தின் மீது விட்டாலே போதும், விளையாட்டு திறந்துவிடும். கட்டளை எதுவும் தட்டச்ச வேண்டியதில்லை. வேகம் கூடுதலாகத் தெரிந்தால் கண்ட்ரோல் விசையோடு எஃப் 11-ஐயும், குறைவாகத் தெரிந்தால் எஃப் 12-ஐயும் அழுத்திச் சரிசெய்யலாம். அந்தக் காலத்து நிரல்கள் சில, செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழிக் கருவியில் எழுதப்பட்ட நிரல்கள் பல, கணினி வேகமாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் பிழை எண் 200 காட்டி நின்றதை, பென்டியம் 2 வந்த பிறகு கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். இன்னொரு சிறு செய்தி: அந்தக் காலத்து 320க்கு 200 புள்ளிப் படம், நான்குக்கு மூன்று என்ற விகிதமுள்ள குழல் திரையில் பார்ப்பதற்காக வரையப்பட்டது. இன்றைய அகலத் திரையில் அதை இழுத்துவிட்டால் டேவ் குட்டையாகவும் தடியாகவும் தெரிவான். டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பில் ஆஸ்பெக்ட் என்ற வரியை ட்ரூ என்று மாற்றுங்கள். நூறு முறை அந்த ஆட்டத்தை ஆடிய அண்ணனின் கண் இதை முதலில் கவனிக்கும்.

கிளா 1997-ல் மோனோலித் நிறுவனம் வெளியிட்டது. இது 32 பிட் நிரல் என்பதால் 64 பிட் விண்டோஸ் இதை மறுப்பதில்லை. உங்கள் கணினியில் அது திறந்ததே அதற்குச் சான்று. இங்கே எடுக்கப்பட்டது வேறு. அக்காலத்தில் நினைவகம் குறைவு என்பதால், திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் முழு நிறத்தையும் எழுதாமல் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை மட்டும் எழுதி, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைத் தனி அட்டவணையில் வைப்பார்கள். வீட்டுக்கு வெள்ளையடிப்பவர் சுவரில் எண்களை மட்டும் குறித்துவிட்டு, எண்ணுக்குரிய சாயப் பட்டியலை வேறொரு தாளில் வைத்திருப்பதைப் போன்றது இது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, பின்னால் ஓடும் விண்டோஸின் மேசைத்தளம் அந்த அட்டவணையில் தன் நிறங்களை எழுதிவிடும் கோளாறு தோன்றியது. விளையாட்டின் எண்கள் சரியாகவே இருந்தாலும் தாள் மாறிப்போனதால் நிறம் கெடுகிறது. விண்டோஸ் 8-லிருந்து 256 நிற நிலையே உண்மையில் இல்லை, ஒவ்வொரு முறையும் மொழிபெயர்த்துக் காட்டப்படுகிறது. மந்தம் அதனாலும் வருகிறது.

உங்கள் கிளாவுக்கு நான் முதலில் செய்து பார்ப்பது, விண்டோஸ் வசதிகளை இயக்கும் பட்டியலில் லெகசி காம்போனன்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் டைரக்ட்பிளேயை இயக்குவது. பலர் சேர்ந்து ஆடும் வசதி கொண்ட அக்கால விளையாட்டுகள் பல அதைத் தேடும். அது இப்போது தானாக நிறுவப்படுவதில்லை. அடுத்து, இயக்கக் கோப்பின் கம்பாட்டிபிலிட்டி பகுதியில் 256 நிறம் என்ற பெட்டியைக் குறியிட்டுப் பார்க்கலாம். இதிலும் சரியாகாவிட்டால் டிஜிவூடூ அல்லது சிஎன்சி-டிடிரா என்ற இலவசக் கருவிகளில் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். இவை, திரையில் படம் வரைய விளையாட்டு கேட்கும் பழைய டைரக்ட்டிரா கோப்பின் அதே பெயரில் அமைந்த மாற்றுக் கோப்பைக் கொண்டவை. அதை விளையாட்டின் கோப்புறையிலேயே வைத்தால், விளையாட்டு விண்டோஸின் கோப்புக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளும். அட்டவணை வேலையை இது தானே செய்து, முடிந்த படத்தை இன்றைய திரை அட்டைக்கு ஏற்ற வகையில் கொடுக்கும். டிஜிவூடூவில் 64 பிட் கோப்பை வைத்துவிட்டுப் பயனில்லை என்று சொல்பவர்கள் உண்டு. விளையாட்டு 32 பிட் என்பதால் எக்ஸ் 86 என்ற உட்கோப்புறையில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். இந்தப் படிகளில் எது உங்கள் மடிக்கணினியில் பலிக்கும் என்பது திரை அட்டையையும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் பொறுத்தது. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது.

இந்தக் காலத்து விளையாட்டுகளில் இன்னும் இரண்டு இடங்களில் கால் இடறும். விளையாட்டு 32 பிட்டாக இருந்தும் அதை நிறுவும் செட்டப் நிரல் 16 பிட்டாக இருப்பது ஒன்று. நன்கு தெரிந்த சில பழைய செட்டப் நிரல்களை 64 பிட் விண்டோஸ் தானே அடையாளம் கண்டு 32 பிட் மாற்றை ஓட்டும். மற்றவற்றுக்கு, பழைய டிஸ்க்கில் நிறுவப்பட்டிருக்கும் கோப்புறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சில விளையாட்டுகள் தம் குறிப்புகளை விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதியிருக்கும், அவை கோப்புறையோடு வராது. இரண்டாவது, புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் நிறுவுவது. விஸ்டாவுக்குப் பிறகு அங்கே நிரல்கள் எழுத அனுமதி இல்லை. தன் கோப்புறையிலேயே ஆட்டத்தைச் சேமிக்கும் பழைய விளையாட்டுகள் அதனால் தடுமாறும். சி டிரைவில் தனியாக ஒரு கோப்புறை உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்குள் வைப்பதே என் வழக்கம்.

ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வரிசையைச் சேர்ந்த வைஸ் சிட்டியின் கணினிப் பதிப்பு 2003-ல் வந்தது. 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 128 எம்பி நினைவகம் இருந்தால் போதும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். உங்கள் மடிக்கணினிக்கு இது சுமையே அல்ல. செய்தி ஏதுமின்றி அது நின்றுவிடுவதற்குக் காரணம் எது என்று சிடியைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல இயலாது; ஆனால் முதல் சந்தேகம் சிடியின் பாதுகாப்புப் பூட்டின் மீது விழுகிறது. அந்த ஆண்டுகளில் விற்கப்பட்ட விளையாட்டுச் சிடிகள் பலவற்றில் சேஃப்டிஸ்க் போன்ற பூட்டுகள் இருந்தன. சிடி அசலா நகலா என்று பார்க்க அது விண்டோஸின் அடியாழத்தில் ஒரு டிரைவரை ஓட்டியது. அந்த டிரைவரில் கணினியையே பிறர் கைப்பற்ற வழிவிடும் ஓட்டை 2007-ல் வெளிப்பட்டது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விஸ்டா முதல் 8.1 வரையிலான பதிப்புகளிலும் முடக்கியது. அசல் சிடியைப் பணம் கொடுத்து வாங்கியவர்தான் இதில் மாட்டிக்கொண்டார். அது நியாயமல்ல என்றே நினைக்கிறேன். ஆயினும் அந்த டிரைவரை எங்கிருந்தோ தேடியெடுத்துப் புதிய கணினியில் போட்டுக்கொள்ளச் சொல்லமாட்டேன். அதில் வங்கிக் கணக்கும் பார்ப்பீர்கள் அல்லவா.

சிடி இல்லாமல் ஓட்டும் திருத்தக் கோப்புகள் என்று இணையத்தில் கிடைப்பவற்றைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். என் கடைக்கு வைரஸ் தொற்றி வந்த கணினிகளில் கணிசமானவை அந்த வழியாகத்தான் தொற்றிக்கொண்டன. சட்டத்தைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஒரு கணினி நிரலை முறைப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தோ கெட்டோ போகாமல் இருக்கக் காப்பு நகல் எடுப்பதை அனுமதிக்கிறது; மேலே நான் சொன்ன சிடி நகல் அதற்குள் வரும். பூட்டை உடைப்பது வேறு, அதற்கென 2012 திருத்தத்தில் 65ஏ என்ற தனிப் பிரிவே வந்திருக்கிறது. நம் ஊர்களில் அன்று விற்றவற்றில் பெரும்பகுதி நகல் சிடிகளே என்பதும் உண்மை. உங்களுடையது அப்படியென்றால் காப்பு நகல் என்ற சலுகை அதற்குப் பொருந்தாது. அந்த நிலையில் நேரான வழி, பூட்டில்லாத பதிப்பை விலைக்கு வாங்குவது. பழைய விளையாட்டுகளைப் புதிய விண்டோஸுக்கு ஏற்பச் செப்பனிட்டு விற்கும் ஜிஓஜி போன்ற தளங்கள் 2008-லிருந்து இருக்கின்றன. வைஸ் சிட்டியின் பழைய பதிப்பு 2021 அக்டோபரில் இணையக் கடைகளிலிருந்து விலக்கப்பட்டது. பிறகு வெளியீட்டாளரின் சொந்தக் கடையில் புதுப்பித்த தொகுப்போடு சேர்த்துத் திரும்ப வந்தது. வாங்கும் நாளில் எந்தப் பதிப்பு கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அண்ணனின் நினைவில் இருப்பது புதுப்பித்த முகங்கள் அல்ல.

பூட்டுத் தடை நீங்கி விளையாட்டு திறந்தபின் எலி வேலை செய்யாமல் போனால் கவலைப்படாதீர்கள். புதிய விண்டோஸில் வைஸ் சிட்டிக்கு வரும் அறியப்பட்ட கோளாறு அது, சைலண்ட்பேட்ச் என்ற இலவசத் திருத்தத்தில் தீரும். நொடிக்கு எத்தனை படங்கள் என்ற வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃபிரேம் லிமிட்டர் என்ற அமைப்பை அணைக்காதீர்கள். விளையாட்டின் இயக்கக் கணக்குகள் அந்த வேகத்தை வைத்து எழுதப்பட்டவை. அதை அவிழ்த்துவிட்டால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆட்டம் ஒழுங்காக இராது.

சேமித்த ஆட்டங்களுக்கு வருகிறேன். வைஸ் சிட்டி அவற்றைத் தன் கோப்புறையில் வைக்காது. மை டாக்குமென்ட்ஸுக்குள் ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ் என்ற கோப்புறையில் வைக்கும். விண்டோஸ் எக்ஸ்பி இருந்த டிஸ்க் என்றால், டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்பதற்குள் அண்ணனின் பயனர் பெயரைத் திறந்து தேடுங்கள். அனுமதி இல்லை என்று சொன்னால், தொடர்க என்ற பொத்தானை அழுத்திச் சற்றுப் பொறுத்திருங்கள். புதிய கணினிக்கு அந்தப் பழைய பயனரைத் தெரியாது என்பதால் வரும் தடை அது. அந்தக் கோப்புறையில் இருக்கும் அமைப்புக் கோப்பை விட்டுவிட்டுச் சேமிப்புக் கோப்புகளை மட்டும் எடுங்கள்; பழைய திரை அட்டைக்குரிய அமைப்புகள் புதிய கணினியில் விளையாட்டை விழவைக்கக்கூடும். புதிய கணினியில் டாக்குமென்ட்ஸ் கோப்புறையை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் தன் பொறுப்பில் எடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எடுத்திருந்தால் விளையாட்டு தேடும் இடமும் நீங்கள் ஒட்டிய இடமும் வேறாக இருக்கக்கூடும். பழைய சேமிப்பு வேறொரு பதிப்பில் திறக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அதே சிடியிலிருந்து நிறுவியதில் திறப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கடையில் சொன்ன பென்டியம் 4 முற்றிலும் தவறான யோசனை என்றும் சொல்லமாட்டேன். பூட்டுள்ள அசல் சிடிகள் நிறைய வைத்திருப்பவருக்கு எக்ஸ்பி ஓடும் ஒரு கணினி, இணையத்தோடு இணைக்காமல் வைத்துக்கொண்டால், உண்மையிலேயே பயன்படும். உங்களுக்கு இருப்பது ஒரேயொரு சிடியின் சிக்கல். அதற்கு முன் உறவினர் வீடுகளில் யாரிடமாவது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி சும்மா கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 2011-லிருந்து வழங்கப்பட்டவை அவை. அதில் விண்டோஸ் 7 இருந்து, மேலே சொன்ன 2015 செப்டம்பர் முடக்கம் நிறுவப்படாமலும் இருந்தால், பூட்டுள்ள சிடி அதில் ஓட வாய்ப்புண்டு. டேவுக்கு மட்டும் அங்கும் டாஸ்பாக்ஸ் வேண்டியிருக்கும்.

சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் கன்வெர்ட்டரும் வெளிப்புற டிரைவும் கைக்கு வர ஒரு வாரம் ஆகலாம். டிஸ்க்கை இணைக்கும்போது டக் டக் என்ற ஒலி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள், மறுபடியும் முயல வேண்டாம். அதற்குமேல் அது தகவல் மீட்பவரின் வேலை. அந்த ஒலி இல்லாமல் சுழன்றால், முதலில் யூசர் ஃபைல்ஸ் கோப்புறையை எடுத்துக்கொண்டு, அதன் பிறகு மற்றவற்றைப் பாருங்கள்.